ஒரு கட்டை இறக்கி

வயதாகிப்போன ராக் பேண்டுகளைப் பற்றி பீம்ராவிடம் ஒரு கருத்து உண்டு. கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். பேண்டுக்கு வயதானால் முதலில் போவது பாடகனின் தொண்டை. அடுத்தது ட்ரம்ஸ்காரனின் முட்டி. அப்புறம் கித்தார்காரனின் தலைமுடி. அதை அவன் தொப்பி போட்டுச் சமாளித்துக்கொள்வான். பேஸ் கித்தார்காரன் மட்டும் கடைசி வரைக்கும் அப்படியே இருப்பான், ஏனென்றால் ஆரம்பத்திலிருந்தே அவனை யாரும் பார்த்தது கிடையாது.

இதைச் சொல்ல அவருக்குத் தகுதி இருந்தது. 'ரெட் சிக்னல்' பேண்டில் இருபத்தைந்து வருடமாக பேஸ் வாசிக்கிறார். பகலில் துறைமுகத்தில் கிரேன் மெக்கானிக். வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீட்டில், அம்பேத்கர் படத்துக்கும் புத்தர் படத்துக்கும் கீழே, பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் கிடைத்த ஒரு சாண் இடத்தில் அவருடைய பேஸ் கித்தார் நின்றது. கப்பலில் வந்த யாரோ ஒரு மாலுமி விற்றுவிட்டுப்போன பழைய சரக்கு. தோளில் மாட்டினால் தூங்கிப்போன குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்பதுபோல் கனக்கும். ஸ்பீக்கர் பெட்டியோ கொருக்குப்பேட்டை ரேடியோ மெக்கானிக் ஒருவர் பேக்கிங் மரத்தில் அடித்துக் கொடுத்தது. அதன் மேல் பளபளப்பான எழுத்து ஒன்றும் இருக்காது, ஆனால் வாசித்தால் சத்தம் காதுக்குப் போகாமல் நேராக வயிற்றுக்குப் போகும். பேஸ் என்றால் அதுதான் என்பார் பீம்ராவ்.

பாடுவது பெனிட்டோ. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பத்து வயதில் குடும்பத்தோடு ராயபுரம் வந்தவர். மீன்பிடிப் படகுகளுக்குக் கயிறும் பெயிண்டும் மொத்த விலைக்கு விற்கும் கடை. பேச்செல்லாம் மெட்ராஸ் பாஷைதான். கோபம் வந்தால் மட்டும் தூத்துக்குடி எட்டிப் பார்க்கும். செங்குட்டுவன் கித்தார், ஜெயவேல் ட்ரம்ஸ். கல்யாணம், கிறிஸ்துமஸ் டான்ஸ் என்று திருவொற்றியூர் தொடங்கி பெரம்பூர் வரைக்கும் அவர்கள் வாசிக்காத ஹால் இல்லை. எல்லா நிகழ்ச்சியும் 'கரையேறு' என்ற பாட்டில்தான் முடியும். பெனிட்டோ இருபத்தொன்பது வயதில் எழுதிய பாட்டு. அதன் கடைசி வரியில் குரல் ஒரு இடத்துக்கு ஏறி அங்கேயே நிற்க வேண்டும். அந்த இடத்துக்காகத்தான் ஜனம் கடைசிவரை உட்கார்ந்திருக்கும்.

"அம்பத்தி நாலு வயசாவுது. இன்னிக்கும் அதே கட்டை! இத்த எவனாவது பாடிக் காட்டட்டும்" என்பார் பெனிட்டோ. கடைக்குக் கயிறு வாங்க வருகிறவனிடமும் சொல்வார். பீம்ராவ் பக்கத்தில் இருந்தால் சிரிப்பார். அந்தச் சிரிப்பில்தான் விஷயமே இருந்தது.

ரெட் சிக்னலில் ஒரு வழக்கம் உண்டு. சுருதி கொடுப்பது பேஸ்தான். பீம்ராவ் தன் தந்திகளைச் சரிசெய்துகொண்டு ஒரு நோட்டை நீட்டி வாசிப்பார். செங்குட்டுவன் அதற்குத் தன் கித்தாரைச் சேர்ப்பார். பெனிட்டோ அதைக் கேட்டுப் பாடுவார். பெனிட்டோவுக்கு எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. பீம்ராவ் கொடுப்பதுதான் சுருதி, அவ்வளவுதான்.

எண்பத்தொன்பதில் எண்ணூரில் ஒரு கல்யாணம். டைபாய்டு வந்து எழுந்த கையோடு பாட வந்த பெனிட்டோவுக்கு 'கரையேறு' கடைசி வரியில் குரல் உடைந்தது. மேடைக்குப் பின்னால் நாற்காலி அடுக்கியிருந்த இடத்தில் உட்கார்ந்து, "நான் உட்டுடறேன் மாமு. இனிமே பாடல" என்று அழுதார். நாற்பது வயது மனிதர் அப்படி அழுவதை பீம்ராவ் அதற்கு முன் பார்த்ததில்லை. அடுத்த நிகழ்ச்சிக்கு பீம்ராவே கெஞ்சிக் கூத்தாடி அவரை இழுத்து வந்தார். வந்தவருக்கு அரைக்கட்டை இறக்கிச் சுருதி கொடுத்தார். சும்மா ஒரு தடவைக்கு, உடம்பு தேறும் வரைக்கும் என்றுதான் நினைத்தார். பெனிட்டோ ஏறினார், நின்றார், இறங்கி வந்து பீம்ராவைக் கட்டிக்கொண்டார். "வந்துட்ச்சி பாத்தியா! எங்கியும் போவலடா!"

அந்த முகத்தைப் பார்த்துவிட்டு யாரால் உண்மையைச் சொல்ல முடியும்? தொண்ணூற்றாறில் இன்னொரு அரைக்கட்டை இறக்கினார். தந்தி தொளதொளவென்று ஆனதால் தடிமனான தந்தி வாங்கிப் போட்டார். செங்குட்டுவன் ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். பீம்ராவ் பார்வையைத் திருப்பிக்கொண்டார். ஜெயவேலுக்கும் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை. பேண்டின் பழைய கேசட்டைப் போட்டுக் கேட்கும்போது மட்டும் பெனிட்டோ சந்தேகப்படுவார். "இந்த டேப் ரெக்கார்டர் கொஞ்சம் ஸ்பீடா ஓடுது மாமு" என்பார். ஆமாம் என்பார்கள் மூன்று பேரும்.

இரண்டாயிரத்து இரண்டு டிசம்பரில் இருபத்தைந்தாவது வருட நிகழ்ச்சி. ராயபுரத்தில் ஒரு ஹால் பிடித்தாயிற்று. இந்தத் தடவை கீபோர்டும் வேண்டும் என்று பெனிட்டோ ஒற்றைக் காலில் நின்றார். காலடிப்பேட்டையில் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லித்தரும் ஜெரினா வந்தாள். கடைக்குப் பின்னால், கயிற்றுச் சுருள்களுக்கு நடுவில் ஒத்திகை. ஜெரினா கையை வைத்ததுமே ஜெயவேல் காதைப் பொத்திக்கொண்டார். அப்படி ஒரு நாராசம்.

அவள் இரண்டு மூன்று கட்டைகளைத் தட்டிப் பார்த்தாள். "அங்கிள், நீங்க எல்லாருமே ஒரு கட்டை கீழ வாசிக்கிறீங்க."

"இன்னாம்மா சொல்ற?" என்றார் பெனிட்டோ. "இது ஒரிஜினல் சுதி. இருவத்தஞ்சி வருசமா இதான்."

"இல்ல அங்கிள். நல்லா கேட்டுட்டேன். ஒரு கட்டை கம்மி."

எல்லோரும் பீம்ராவைப் பார்த்தார்கள். அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றோடு போயிருக்கும். பீம்ராவின் வாய் வேறொன்றைச் சொன்னது.

"என் கித்தார் கழுத்து வளைஞ்சி போச்சி மாமு. முழு இழுப்பு தாங்க மாட்டேன்து. அதான் கொஞ்சம் எறக்கி வச்சிருந்தேன். மறந்தே பூட்ச்சி."

செங்குட்டுவன் இருமினார். பெனிட்டோ விழுந்து விழுந்து சிரித்தார். "ஒரு கட்டைக்காக எங்க எல்லாரையும் எறக்கி உட்டியா? கேட்டிருந்தா புதுசு வாங்கி இருப்போமேடா, கஸ்மாலம்!"

"நான் ஒரு பட்டன் தட்டினா உங்க சுதிக்கே வந்துடுவேன் அங்கிள்" என்றாள் ஜெரினா.

"எதுக்கும்மா? நாம மேல ஏறிக்கலாம்."

மூன்றாம் நாள் மவுண்ட் ரோடு கடையிலிருந்து புது பேஸ் கித்தார் வந்து இறங்கியது. பெனிட்டோவின் அன்பளிப்பு. முதுகில் பேட்டரி போட்டது, தக்கையாக இருந்தது, கழுத்து ரூல் தடிபோல் நேராக நின்றது. பீம்ராவ் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். நல்ல வாத்தியம்தான். அதைக் கையால் தடவும்போது அவருக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

ஒத்திகை முழுச் சுருதியில் நடந்தது. அங்கேயாவது பெனிட்டோவுக்குத் தெரிந்துவிடும் என்று பீம்ராவ் காத்திருந்தார். ஆனால் பெனிட்டோ எப்போதுமே ஒத்திகையில் வாய்க்குள்தான் முணுமுணுப்பார்; தொண்டையை மேடைக்கு மிச்சம் பிடிப்பது அவர் பழக்கம். கடைசி வரி வந்ததும் கையை மேலே தூக்கிக் காட்டிவிட்டு, "இங்க ஏறுவேன், நீங்க பாட்டுக்கு வாசிங்க" என்று முடித்துக்கொண்டார்.

"நாளைக்கு நானூறு பேரு முன்னாடி அவரு தொண்டை கிழியப்போவுது. நீ பாத்துக்கினு நிப்பியா?" என்றாள் பீம்ராவின் மனைவி அன்புக்கரசி. அவளிடம் மட்டும் அவர் எதையும் மறைத்ததில்லை.

"சொன்னா பாட்டையே உட்டுடுவான்."

"அத்த அவரு முடிவு பண்ணட்டும். நீ யாரு?"

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலமே காசிமேட்டில், படகுக்காரர் ஒருவருக்குக் கயிறு கொடுத்துவிட்டுத் திரும்பிய பெனிட்டோவைப் பிடித்து, கரையோரத்தில் கொட்டியிருந்த பாறாங்கல்லில் உட்காரவைத்தார் பீம்ராவ். சுற்றி வளைக்காமல் சொன்னார். எண்பத்தொன்பதில் அரை, தொண்ணூற்றாறில் அரை. கித்தார் கழுத்து வளையவே இல்லை.

பெனிட்டோ கையிலிருந்த கயிற்றுத் துண்டின் பிரியைப் பிரித்துக்கொண்டே இருந்தார்.

"எத்தன வருசமாச்சுல?"

தூத்துக்குடி வந்துவிட்டது. பீம்ராவ் சொன்னார்: "பதிமூணு."

"செங்குட்டுவனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"செயவேலுக்கு?"

"தெரியும்."

"அப்போ நான் மட்டுந்தான்." பெனிட்டோ எழுந்தார். "ஊரு பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே, அதே கட்டை அதே கட்டைன்னு. நீ பக்கத்துல நின்னு சிரிச்சிட்டுல்லா இருந்த. தொண்ட போச்சுதுன்னா போட்டும்ல. அது எல்லாவனுக்கும் போவும். எங்கிட்ட சொன்னா நான் தாங்க மாட்டேன்னு நீ முடிவு பண்ணிட்ட, பாத்தியா. அதத்தான் என்னால தாங்க முடியல."

"மாமு, நாளைக்கு அந்தப் பொண்ணு ஒரு பட்டன்…"

"நாளைக்கு முழுக் கட்டை. யாரும் எதையும் எறக்கப்பிடாது."

வண்டியை உதைத்துக்கொண்டு போய்விட்டார். பீம்ராவ் அங்கேயே உட்கார்ந்திருந்தார். நண்பனைக் காப்பாற்றுகிறோம் என்று பதிமூன்று வருடமாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தவருக்கு, இத்தனை நாளும் தான் அவனை நம்பவே இல்லை என்பது அந்தக் கல்லில்தான் உறைத்தது.

சனிக்கிழமை ஹால் நிரம்பி வழிந்தது. கடைக்காரர்கள், துறைமுகத்து ஆட்கள், பேரப்பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பழைய ரசிகர்கள். ஆறரைக்கு ஆரம்பித்தார்கள். பெனிட்டோ பீம்ராவின் முகத்தைப் பார்க்கவே இல்லை. முதல் இரண்டு பாட்டு எப்படியோ ஓடிவிட்டது. மூன்றாவதில் குரல் பிசிறியது. கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு வந்தது. நாலாவதில், இன்னும் 'கரையேறு' வெகுதூரம் இருக்கும்போதே, ஒரு சாதாரண இடத்தில் குரல் பட்டென்று உடைந்து நின்றது. கித்தார் நின்றது, ட்ரம்ஸ் நின்றது. ஹாலில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். பின்வரிசையில் ஒருவன் விசில் அடித்தான்.

பீம்ராவ் கண்ணை மூடிக்கொண்டார். எண்ணூர் கல்யாணத்தில் நாற்காலிகளுக்குப் பின்னால் கேட்ட அழுகை இனி நானூறு பேருக்கும் கேட்கப்போகிறது என்று நினைத்தார்.

காலடிச் சத்தம் தன்னை நோக்கி வருவது கேட்டு அவர் கண்ணைத் திறந்தார். பெனிட்டோ மைக்கைக் கையிலேயே பிடித்துக்கொண்டு எதிரில் நின்றார். அதைப் பொத்தவில்லை.

"பீமு. ஒரு கட்டை எறக்கிக் குடு."

ஸ்பீக்கரில் ஹால் முழுக்கக் கேட்டது. ஜெரினா ஒரு பட்டனைத் தட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். தந்தி வாத்தியத்துக்கு அப்படி ஒரு பட்டன் இல்லை. பீம்ராவ் முறுக்காணியைப் பிடித்தார். புதுசு என்பதால் இறுக்கமாக இருந்தது. ஒவ்வொரு தந்தியாகத் தளர்த்தி, தட்டி, கேட்டு, மறுபடி தளர்த்தினார். தளரும் தந்தியின் ஊளைச் சத்தம் ஸ்பீக்கரில் பெரிதாக ஒலித்தது. இத்தனை வருடமும் அவர் யாருக்கும் தெரியாமல் திரை மறைவில் செய்த வேலையை இப்போது ஜனம் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு பார்த்தது. செங்குட்டுவனும் தலையைக் குனிந்துகொண்டு சேர்த்தார்.

பெனிட்டோ கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "பதிமூணு வருசமா இவனுவ எனக்குத் தெரியாம எறக்கிக் குடுத்தானுவ. இன்னைக்கு நானே கேட்டு வாங்கிக்கிடுதேன். செத்த பொறுங்க."

யாரும் சிரிக்கவில்லை. விசில் அடித்தவனும் உட்கார்ந்துவிட்டான்.

உடைந்த இடத்திலிருந்தே பாட்டை மறுபடி எடுத்தார்கள். குரல் சேர்ந்தது. பெரிய அழகு என்று சொல்ல முடியாது. கரகரப்பு இருந்தது, மூச்சு அங்கங்கே வாங்கியது. ஆனால் உடையவில்லை. பாட்டு முடிந்ததும் கைதட்டல் வந்தது. பெனிட்டோ அதைக் கண்டுகொள்ளாமல் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி பீம்ராவிடம் வந்தார். இந்தத் தடவை மைக்கைக் கீழே தொங்கவிட்டிருந்தார்.

"கடைசிப் பாட்டுக்கு இன்னொரு அரை எறக்கிருவோமால?"

பீம்ராவ் சட்டென்று ஆணியைத் தொடவில்லை. இருபத்தைந்து வருடத்தில் ஒரு தரம்கூடக் கேட்காத கேள்வியைக் கேட்டார்.

"கஷ்டமா கீதா மாமு?"

"ஆமால" என்றார் பெனிட்டோ. "ரொம்ப."