உபயம், முழங்காலுக்குக் கீழே

கவிநிலா பிளேடைச் சாய்த்துப் பிடித்து இன்னொரு தரம் சுரண்டினாள். 'உபயம்' வந்துவிட்டது. 'கோதண்டராமன் டிராவல்ஸ்' வருவேனா என்றது.

மேஜைமேல் பன்னிரண்டு செயற்கைக் கால்கள். பன்னிரண்டிலும் கெண்டைக்காலில் மஞ்சள் ஸ்டிக்கர். அவள் உரிக்க வேண்டியது ஒன்றுதான், பொன்னியின் கால். மணி பத்தேகால். பத்தரைக்குக் கோதண்டராமன் கார் வந்துவிடும்.

"என்னம்மா பண்ற?" அறக்கட்டளைத் தலைவர் பலராமன் வாசலிலேயே நின்றுவிட்டார். "எல்லாக் கால்லயும் பேரு இருக்கணும்னுதானே கண்டிஷன்? எண்ணிப் பார்க்கிற ஆளு அவரு. ஒண்ணு கம்மின்னாலும் அடுத்த வருஷத்து முப்பது காலும் போச்சு."

"பொன்னி மேல ஏறினது இவரு வேன் சார்."

பலராமன் உட்கார்ந்துவிட்டார். "தெரிஞ்சேவா அவர்கிட்டப் போய்க் கேட்ட?"

"தெரிஞ்சதாலதான் கேட்டேன். ஸ்டிக்கரோட வருவாருன்னு தெரியல."

கறுப்புக் கோட்டைக் கழற்றி மூன்று வருடம். இன்று காலையிலிருந்து நன்கொடை கேட்டு ஒன்பது போன். "மீட்டிங்ல இருக்கேன்." "பௌர்ணமி அன்னதானத்துக்குக் குடுத்துட்டோம்மா." வீட்டில் அம்மா தட்டை வைக்கும்போதே ஆரம்பித்துவிடுவாள்: "வக்கீலுக்குப் படிக்க வச்சது வீடு வீடா கை நீட்டவா?" ஏன் விட்டாய் என்று கேட்பவர்களுக்கெல்லாம் ஒரே பதில் வைத்திருந்தாள். கோர்ட்டுல நின்னு நின்னு கால் வலிச்சுடுச்சு. எல்லோரும் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

"இன்னாக்கா சொரண்டறீங்க?"

கக்கத்துக் கட்டையை ஊன்றியபடி பொன்னி நின்றாள். கவிநிலா பிளேடை மறைத்தாள். "ஒண்ணுமில்ல. அழுக்கு."

"எனக்குப் படிக்கத் தெரியும்கா." பொன்னி காலை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "புதுசா ஒண்ணு ஒட்டுங்க."

"பொன்னி, இது யாருன்னு..."

"என் காலை எடுத்தவன் பேரு. அந்தாளு மேல தப்பே இல்லன்னு கோர்ட்டு சொல்லிடுச்சு. சொல்லிக்கட்டும். கிரிவலப் பாதையில பூ விக்கறவ நான். இந்தக் கால் யாரு குடுத்ததுன்னு ஒரு பௌர்ணமிக்கு எத்தினி பேரு கேப்பாங்க! குடுத்ததும் இவன்தான், எடுத்ததும் இவன்தான்னு நானே சொல்லிக்கறேன். ஓசியில விளம்பரம்."

பலராமன் ஒரு ஸ்டிக்கரை எடுத்து நீட்டினார். வெளியே ஹாரன்.

கோதண்டராமன் எண்ணினார். பன்னிரண்டு. போட்டோவுக்காகப் பொன்னியின் தலையில் கை வைத்தார். அவள் யாரென்று அவருக்குத் தெரியவில்லை. அடுத்த வருடத்து முப்பதுக்கும் தலையாட்டிவிட்டு, போகும்போது கவிநிலா முன்னால் நின்றார்.

"உன்னை எங்கயோ பார்த்திருக்கேனேம்மா."

"போன மாசம், உங்க ஆபீஸ்ல சார்."

"அது இல்ல, அதுக்கு முன்னாடி..." அவருடைய போன் அடித்தது. பேசிக்கொண்டே காரில் ஏறிவிட்டார்.

முப்பது கால் கிடைத்துவிட்டது. கவிநிலாவுக்குச் சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. தரையில் உட்கார்ந்து பொன்னியின் முழங்காலில் பட்டையை இறுக்கினாள். பொன்னி நடைப்பயிற்சிக் கம்பியைப் பிடித்து ஒரு அடி வைத்தாள். இன்னொன்று.

"ஏன்கா வக்கீல் வேலைய விட்டீங்க?"

"நின்னு நின்னு கால் வலிச்சுடுச்சு." வாயில் இருந்தது வந்துவிட்டது. யாரிடம் சொல்கிறோம் என்பது அப்புறம்தான் உறைத்தது.

பொன்னி கம்பியை விட்டுவிட்டு நின்றாள்.

"எங்கக்கா நின்னீங்க? என் கேஸுல ஒரே ஒரு நாள். உங்க சீனியர் வரல. கோதண்டராமன் பக்கம் நீங்கதான் எழுந்து கேட்டீங்க, 'தலையில பூக்கூடை இருந்தா வர்ற வண்டி எப்படிம்மா தெரியும்?'னு."