காணாமல் போன இருநூற்றிருபது கிராம்

அன்று காலை தையல்காரிக்கு வந்த கோபத்துக்கு அடுப்பே தேவையில்லை. தலைமேல் பாத்திரத்தை வைத்திருந்தால் பால் பொங்கியிருக்கும்.

மகளின் சுகர் முந்நூற்றுப் பத்து. மூன்று வாரமாக இதே கதைதான். பதினோரு வயதுப் பெண், ஆள் அவ்வளவு ஒல்லி, வீட்டில் அவளுக்குப் பெயரே குண்டூசி. இரண்டு வருடமாக இன்சுலின் ஊசியில்தான் அவள் உயிர் ஓடுகிறது. தட்டில் விழும் சோற்றை நிறுத்து, இத்தனை கிராமுக்கு இத்தனை யூனிட் என்று பார்த்து ஊசி போட வேண்டும். எடை பிசகினால் ஊசி பிசகும், ஊசி பிசகினால் பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடப்பாள்.

“மறுபடியும் திருட்டுத்தனமா என்ன தின்ன?”

“ஒண்ணும் தின்னலம்மா.”

“வாயைத் திறந்தா பொய்! நான்தான் ஒரு கிராம் கூடக் குறையாம நிறுத்துப் போடுறேனே, அப்புறம் எப்படி ஏறும்? காத்துல ஏறுதா?”

இந்த வயசுப் பிள்ளைகள் ஒளித்து வைத்துச் சாப்பிடும், கொஞ்சம் கவனியுங்கள் என்று நர்ஸ் ஒரு வார்த்தை சொல்லியிருந்தாள். அது போதாதா? தையல்காரி பள்ளிப்பையைக் கொட்டித் தேடினாள். தலையணை உறையைக் கழற்றினாள். பிஸ்கெட் டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். லாரி ஓட்டப் போயிருந்த புருஷன் போனில், “எடை மெஷின் சரியா இருக்கான்னு பாரேன்” என்றதற்கு, “நீங்க ரோட்டைப் பாருங்க, வீட்டை நான் பாத்துக்கறேன்” என்று வாயை அடைத்தாள். முந்தின நாள் மகளின் கன்னத்தில் ஒன்று விட்டும் விட்டாள்.

தராசைக் குறை சொன்னால் அவளுக்குப் பொறுக்காது. அதை அவள் தவிர யாரும் தொடக்கூடாது. சமையல் மேடையில் வழுக்குகிறதே என்று, சோபா உறை தைத்தபோது மிஞ்சிய பஞ்சை வைத்து அதற்கென்று தடிமனாக ஒரு மெத்தை தைத்துப் போட்டிருந்தாள். நான்கு ஓரமும் நாடா வைத்து மடித்துத் தைத்தது. பெற்ற பிள்ளைக்கே அவ்வளவு நேர்த்தியாக ஒரு பாவாடை தைத்ததில்லை.

குண்டூசி அழவில்லை. விறுவிறுவென்று போய், பிரிக்காத ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டை எடுத்து வந்து தராசின் மேல் தொப்பென்று வைத்தாள். எழுநூற்று எண்பது என்று காட்டியது.

“மீதி இருநூத்தி இருபதையும் நான்தான் தின்னேனா?”

தையல்காரி பாக்கெட்டை எடுத்துத் திரும்ப வைத்தாள். அதே எழுநூற்று எண்பது. தட்டில் விழுந்ததெல்லாம் தராசு காட்டியதைவிட அதிகம், போட்ட ஊசியெல்லாம் குறைவு. அது புரிந்ததும் மகளைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. ஆனால் கோபம் என்னவோ இறங்கவில்லை, ஆளை மட்டும் மாற்றிக்கொண்டது. நர்ஸிடம் போனில் கேட்டு ஊசியைப் போட்டுவிட்டு, தராசையும் உப்பையும் ஒரு பையில் திணித்து, மகளையும் இழுத்துக்கொண்டு, தராசு வாங்கிய பாத்திரக்கடைக்கு நடந்தாள். அவள் நடந்த வேகத்துக்கு மகள் ஓட வேண்டியிருந்தது.

“என் பிள்ளை உசுரோட விளையாடுறீங்களா? ஓட்டை மெஷினைத் தலையில கட்டிட்டு நிம்மதியாத் தூங்குறீங்களா?”

பாத்திரக்கடைக்காரர் பையை வாங்கிப் பிரித்தார். தராசைக் கண்ணாடி மேசைமேல் வைத்தார். உப்பை ஏற்றினார். ஆயிரத்து மூன்று.

“உறையோட சேர்த்து மூணு கிராம் கூட. மெஷின் சரியாத்தானே இருக்கும்மா?”

“வீட்டுல எழுநூத்தி எண்பது காட்டுச்சு! என் கண்ணு என்ன அவிஞ்சா போச்சு?”

“வீட்டுல எதுமேல வெச்சிருக்கீங்க?”

அவள் சொன்னாள். அவர் ஒரு துண்டை நாலாக மடித்துத் தராசுக்கு அடியில் வைத்து, உப்பை மறுபடி ஏற்றினார். எண் எண்ணூறுக்குக் கீழே இறங்கியது.

“எடையை உணர்றதே இந்த நாலு காலும்தாம்மா. மெத்தையில அது புதைஞ்சுட்டா, மெஷினோட அடிப்பாகம் மெத்தைமேல உக்காந்து, பாரத்துல ஒரு பங்கை மெத்தை வாங்கிக்குது. நல்ல மெஷின்தான், நீங்க செல்லம் குடுத்துக் கெடுத்துட்டீங்க. எப்பத்துல இருந்து இப்படி வெச்சிருக்கீங்க?”

“மூணு வாரமா...” என்று இழுத்தாள்.

வேறு நல்லதாக ஒன்று கொடுங்கள் என்று கேட்டாள். ஏதாவது வாங்கினால்தான் இந்தக் கடையை விட்டு வெளியேற முடியும் என்று அவளுக்குப் பட்டது. அவரோ தலையை ஆட்டினார்.

“எதுக்கும்மா? எதை வாங்கிட்டுப் போனாலும் அந்த மெத்தையில வெச்சா இதே கதைதான். கெட்டியான, சமமான இடத்துல வைங்க. வாரம் ஒருதடவை பிரிக்காத பாக்கெட்டை வெச்சு சரிபாருங்க, போதும்.”

அவர் ஏமாற்றியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! வாய் வலிக்கத் திட்டியிருக்கலாம். மனுஷன் நியாயமாகப் பேசியதுதான் அவளுக்கு ஆத்திரமாக வந்தது. திட்டுவதற்கு இனி இந்த உலகத்தில் ஒரே ஓர் ஆள்தான் பாக்கி, அது அவளேதான்.

“தப்பு என்மேலதான்டி” என்றாள் மகளிடம்.

குண்டூசி அவளை நேராகப் பார்த்தாள்.

“நான் உப்பை வெச்சுக் காட்டலைன்னா, நாளைக்கும் என்னைத்தானே அடிச்சிருப்ப?”

கடைக்காரர் சட்டென்று குனிந்து, துடைத்திருந்த மேசையையே மறுபடி துடைத்தார்.

இல்லை என்று சொல்லத்தான் தையல்காரி வாயெடுத்தாள். மூன்று வாரமாக இந்தப் பிள்ளை நிஜத்தைச் சொல்லிக்கொண்டு நின்றது, தான்தான் கேட்கவில்லை. இப்போது அம்மாவே ஒரு பொய்யைச் சொன்னால் பிள்ளை தாங்காது.

“ஆமா” என்றாள். “அடிச்சிருப்பேன்.”

குண்டூசியின் உதடு துடித்தது. கடையில் நுழைந்ததிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை இப்போதுதான் வந்தது. அம்மா நீட்டிய கையைத் தட்டிவிட்டாள். தராசைத் தானே எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, “இனிமே என் சோத்தை நானே நிறுத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். இந்தத் தடவை அவளை எட்டிப் பிடிக்க அம்மாதான் ஓட வேண்டியிருந்தது.