அமுக்கிப் பிடித்த ஸ்பிரிங்

ஜெரின் தன் டாக்சியை மச்சினன் லூர்துநாதனின் ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டுப் போனான். சின்னக் கார்தான். அதில் ஏர்போர்ட்டுக்கும் மரைன் ஹில்லுக்கும் டூரிஸ்டுகளை ஏற்றி ஓட்டிக்கொண்டிருந்தான். ஸ்டார்ட் செய்தால் நீலப் புகை வருகிறது, ஆயிலைக் குடிக்கிறது என்றான். வால்வுத் தண்டுகளில் மாட்டியிருக்கும் ரப்பர் சீல்கள் காய்ந்துபோய் ஆயில் உள்ளே இறங்குகிறது என்று லூர்துநாதனுக்குப் புகையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னான்.

எஞ்சின் மூடியையும் கேம்ஷாஃப்டையும் கழற்றி வைத்து ஒரு வால்வின் ஸ்பிரிங்கை எடுத்திருந்தபோது, ஜெரினுக்குக் கட்டிக்கொடுத்த தங்கை பிரவீனா உள்ளே வந்தாள். வீடிருந்த குட்வில் எஸ்டேட்டிலிருந்து நடந்தே வந்திருந்தாள். துப்பட்டாவால் வாயைப் பொத்தியிருந்தாள். அவள் கையை எடுத்ததும் மேலுதடு இரண்டாகப் பிளந்திருப்பதையும், முன்பல் ஒன்று இல்லாததையும் லூர்துநாதன் பார்த்தான். கழுத்தில் இஸ்திரிப்பெட்டியின் முனை பதிந்து தோல் வெந்திருந்தது.

அவன் சுத்தியலைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தான். பிரவீனா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"வேண்டாம்ணே. இன்னைக்கு வண்டி இல்ல, அவரு நாள் பூரா வீட்லதான் கெடப்பாரு. நான் அங்க இருந்தா என்னயக் கொன்னுருவாரு. அதான் வந்தேன். என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ, அப்புறம் போலீசுக்கு. வேற ஒண்ணும் செய்யாத."

முன்பு ஒருமுறை அவள் இப்படி வந்தபோது அம்மா சமாதானம் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டாள். லூர்துநாதனும் அன்று வாயைத் திறக்கவில்லை. இப்போது சுத்தியலைக் கீழே வைத்தான். அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தான். ஸ்பிரிங் இல்லாத வால்வு, சிலிண்டருக்குள் ஏற்றிய காற்றின் அழுத்தத்தில்தான் நின்றுகொண்டிருந்தது. அப்படியே விட்டுப் போனால் காற்று இறங்கி வால்வு உள்ளே விழுந்துவிடும், பிறகு எஞ்சினையே பிரிக்க வேண்டும். இந்த ஒன்றை மட்டும் பூட்டிவிட்டுக் கிளம்பலாம் என்றான். புதுச் சீலை ஆயிலில் நனைத்துத் தண்டில் அழுத்தி மாட்டினான். ஸ்பிரிங்கையும் அதன்மேல் இரும்புத் தொப்பியையும் வைத்து, நீண்ட லீவரால் முழுப் பலத்தோடு அமுக்கினான். ஸ்பிரிங்கைப் பிடித்து நிறுத்தும் குட்டி லாக்குகளை இடது கையால் நுழைக்கப் போனான்.

அப்போதுதான் ஜெரின் வந்தான். மனைவியைத் தேடித்தான் வந்திருந்தான். பிரவீனாவின் கூந்தலைச் சுற்றிப் பிடித்துத் தரையில் இழுத்தான். வாசலில் கிடந்த பழைய ரேடியேட்டரில் அவள் தலை மோதியது. லூர்துநாதன் லீவரை விடாமல் கத்தினான்.

"அவளை விடு மாப்பிள்ளை."

ஜெரின் அவளை விட்டுவிட்டு இவன்மேல் பாய்ந்தான். பின்கழுத்தைப் பிடித்து முகத்தை எஞ்சின்மேல் அழுத்தினான். லூர்துநாதனின் கன்னம் இரும்பில் உரசிக் கிழிந்தது. மூக்குக்குள் ஆயில் ஏறியது. வலது கை மட்டும் லீவரை அமுக்கியபடியே இருந்தது. அந்தக் கையைப் பிரிக்க ஜெரின் முன்னால் குனிந்தான். அவன் முகம் ஸ்பிரிங்குக்கு நேர் மேலே வந்தது.

லூர்துநாதன் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டுத்தான் கையை எடுத்தான்.

இரும்புத் தொப்பி பறந்துபோய் ஜெரினின் கண்ணில் இறங்கியது. அவன் அலறிக்கொண்டு பின்னால் சாய்ந்தான். விரல்களுக்கு இடையில் ரத்தம் வழிய, கையில் அகப்பட்ட வீல் ஸ்பேனரை எடுத்துக் கண்மண் தெரியாமல் வீசினான். முதல் அடி காரின் கண்ணாடியை நொறுக்கியது. அடுத்தது லூர்துநாதனின் முன்கையில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் அவனுக்கே கேட்டது. கீழே விழுந்தவனை ஜெரின் வயிற்றிலும் விலாவிலும் உதைத்தான். மண்டையில் இறக்க ஸ்பேனரை ஓங்கினான். பிரவீனா தவழ்ந்து வந்து ஜாக்கி ராடால் அவன் முழங்காலில் அடித்தாள். அவன் சரிந்த பிறகும் இன்னொரு முறை அடித்தாள். பிறகு ராடைத் தூரமாக எறிந்துவிட்டு வாந்தி எடுத்தாள்.

பக்கத்து டயர் கடை பழனியாண்டி ஆட்களோடு ஓடிவந்து ஜெரினைக் கட்டிப்போட்டான். மூவரும் ஒரே ஜீப்பில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஜெரினின் கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை.

மறுநாள் வாக்குமூலம் எழுத வந்த போலீஸ்காரர் இரக்கமுள்ள மனிதர்.

"ஹாத் ஃபிஸல் கயா நா?" என்று இந்தியில் கேட்டார். கை வழுக்கிவிட்டதுதானே, அப்படியே எழுதிக்கொள்ளட்டுமா என்பது அதன் பொருள். தலையை ஆட்டினால் போதும், லூர்துநாதன்மேல் வழக்கே வராது. பிரவீனா எதிர்க்கட்டிலில் உட்கார்ந்து அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நஹீன் சாப்," என்றான் அவன். "மைனே ச்சோடா. நான்தான் விட்டேன்."

வழக்கு இரண்டு பக்கமும் பதிவானது. ஜெரினின் வீட்டார் சமாதானம் பேச வந்தார்கள். பிரவீனா புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டால் அவர்களும் பெற்றுக்கொள்வதாகச் சொன்னார்கள். அம்மா அதற்குச் சம்மதிக்கச் சொல்லி அழுதாள். பிரவீனா அசையவில்லை. நீதிமன்றத்தில் நின்று, அவன் தன்னை எங்கெங்கே எதனால் அடித்தான் என்று ஒன்று விடாமல் சொன்னாள். ஜெரின் ஜெயிலுக்குப் போனான். லூர்துநாதனின் வழக்கு இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது.

தீர்ப்பெல்லாம் வருவதற்கு வெகு முன்பே, லூர்துநாதனின் கைக்கட்டைப் பிரிப்பதற்குள்ளேயே, பிரவீனாவுக்கு ஹேவ்லாக் தீவில் ஒரு ரிசார்ட் சமையலறையில் வேலை கிடைத்துவிட்டது. அங்கே தனியாக எதற்கு, என் வீட்டிலேயே இரு, உன்னை எவனும் தொடமாட்டான் என்று லூர்துநாதன் கெஞ்சினான்.

"அவரு கண்ணு போனதுக்கு நான் அழலண்ணே," என்றாள். "ஆனா அன்னைக்கு நீ குனிஞ்சு கெடந்தப்போ உன் முகத்தைப் பார்த்தேன். அடிக்கிறதுக்கு முன்னால அவரு முகம் எப்படி இருக்குமோ, அப்படியே இருந்திச்சு. இனி அந்த முகம் இருக்கிற வீட்ல எனக்கு உறக்கம் வராது. அது எனக்காகத்தான்னாலும் வராது."

படகு ஏறும் ஜெட்டிவரை அவன் அவள் பையை நல்ல கையில் தூக்கிக்கொண்டு கூடவே போனான். அவள் பையை வாங்கிக்கொண்டு, கட்டுப் போட்ட கையைத் தொட்டுப் பார்த்து வலிக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றான். போட்டில் ஏறி, கடலைப் பார்த்திருந்த ஓர் இருக்கையில் போய் உட்கார்ந்தாள்.