கடைசியாகக் கேட்டது

ஆட்டோ கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு நின்றது. முன்னாலும் லாரி, பின்னாலும் லாரி. வரலட்சுமி கணவன் பொன்னுரங்கத்தின் தலையை மடியில் வைத்து, முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வேர்வை ஊறியது. உடம்பு சில்லென்றிருந்தது.

"ஜெயவேலு, ஆரனாவது அடிப்பா."

"அடிச்சா லாரி நவுந்துருமாக்கா?" என்றான் ஆட்டோ ஓட்டிய பக்கத்து வீட்டு ஜெயவேல். ஆனாலும் அடித்தான்.

பொன்னுரங்கத்தின் வாய் எதையோ மென்றுகொண்டே இருந்தது. வாயில் ஒன்றுமில்லை.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். ஐம்பத்து மூன்று வயது. ஆறு வருஷத்துக்கு முன் சர்க்கரை வியாதி என்று தெரிந்தபோது டாக்டர் நடக்கச் சொன்னார். பொன்னுரங்கம் நடந்தார். பிறகு ஓடினார். இந்த வருஷம் திருவொற்றியூரிலிருந்து காசிமேடு வரை கடலோரச் சாலையில் ஓடித் திரும்பினார். துறைமுகப் போட்டியில் ஐம்பது தாண்டியவர்களுக்கான ஓட்டத்தில் ஜெயிக்க வேண்டும் என்று, திரும்பும் வழியில் ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பத்துக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு பாய்வார். முந்நூறில் இருந்த சர்க்கரை நூற்றுப்பத்துக்கு இறங்கியது. வரலட்சுமி அந்த ரத்தப் பரிசோதனைச் சீட்டைச் சாமி படத்தில் செருகி வைத்தாள். மாத்திரை மட்டும் பழைய அளவிலேயே இருந்தது. குறைக்க வேண்டுமா என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. ஓடப் போகும் முன் அவளே எடுத்துக் கொடுப்பாள். சாப்பாடு திரும்பி வந்த பிறகுதான்.

சர்க்கரை டப்பாவை அவள் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தாள். அவரும் லேசுப்பட்டவரில்லை. ஒரு கல்யாண வீட்டில் தலைசுற்றுவதுபோல நடித்து இரண்டு ஜாங்கிரி தின்றிருக்கிறார். போன மாதம் சட்டைப் பையில் மிட்டாய்க் காகிதம் கிடந்தது. அவரோடு தினமும் ஓடும் எபினேசரின் மளிகைக் கடைக்கே போய்விட்டாள்.

"சக்கர வியாதிக்காரருக்கு முட்டாய் குடுக்கறியே, நல்லா கீதா?"

"ஓடி முடிச்சா சில நாளு அண்ணனுக்குக் கை நடுங்குது மைனி. அதுக்குத்தான்..."

"நடுங்குனா நடுங்கட்டும். இனிமே குடுத்தே, மருவாதி கெட்டுடும்."

எபினேசர் தலையாட்டினார். அதன்பிறகு கொடுக்கவில்லை.

இன்று காலை பொன்னுரங்கம் ஓடிவிட்டு வந்தவர், உள்ளே வராமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பனியன் பிழிகிற மாதிரி நனைந்திருந்தது.

"வரலு, கொஞ்சம் சக்கர குடுடி. கண்ணு கட்டுது."

"தோடா, ஆரம்பிச்சிட்டியா? குந்து. இட்லி வேவுது."

"மெய்யாலுமே சொல்றேன்டி. ஒரு ஸ்பூனு."

"சாவி என்னாண்ட இல்ல, போ" என்று சிரித்தாள். சாவி இடுப்பில்தான் இருந்தது.

இட்லித் தட்டோடு வந்து பார்த்தபோது அவர் சுவரோரம் சரிந்து கிடந்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. சின்ன வயது டாக்டர் ஒருவர் விரலில் குத்திப் பார்த்துவிட்டு, அவசரமாகக் குளுக்கோஸ் ஏற்றினார். பிறகு நெஞ்சை அமுக்கினார்கள். பிறகு நிறுத்திவிட்டார்கள்.

"சுகர் இருபத்தாறுதாம்மா இருந்துச்சு."

"கொறஞ்சா நல்லதுதானே டாக்டர்?"

டாக்டர் அவளைப் பார்த்தார். "கொஞ்சம் சக்கரத் தண்ணியாவது..." என்று தொடங்கியவர், முடிக்காமல் காகிதத்தில் குனிந்துகொண்டார்.

மத்தியானம் தெருவில் பந்தல் போட்டார்கள். பொன்னுரங்கத்தின் தங்கை செங்கொடி வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அழுதாள். "கண்ணு மாதிரி பாத்துகிச்சு எங்க அண்ணி. ஒரு துண்டு ஸ்வீட்டு வாயில வைக்க வுடல."

வரலட்சுமி இரண்டு முறை வாயைத் திறந்தாள். அழப்போகிறாள் என்று நினைத்து இரண்டு முறையும் யாரோ தோளை அணைத்துக்கொண்டார்கள்.

"கடைசியா எதுனா கேட்டாரா அண்ணி?" என்றாள் செங்கொடி.

சுற்றியிருந்த பெண்கள் அழுகையை நிறுத்தினார்கள்.

"தண்ணி கேட்டாரு."

"குடுத்தியா?"

"குடுத்தேன்."

"அந்த மட்டும் புண்ணியம்" என்று செங்கொடி மூக்கைத் துடைத்தாள். பேச்சு பந்தலுக்குப் போயிற்று. தண்ணி கேட்டாராம், அதுங் கையாலயே குடுத்துச்சாம். பந்தலிலிருந்து தெருமுனைக்குப் போயிற்று.

எபினேசர் ரோஜா மாலையோடு வந்தபோது, வாசலில் நின்ற ஒருவர் அவரிடமும் அதைச் சொன்னார். அவர் கேட்டுக்கொண்டார். பிறகு நிமிர்ந்து, கூட்டத்தைத் தாண்டி வரலட்சுமியைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். அவர் வந்து ஏதாவது கேட்டால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

அவர் உள்ளே வரவில்லை. பந்தலின் கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்தார். மாலை மடியிலேயே இருந்தது. அதிலிருந்து சொட்டிய தண்ணீர் வேட்டியை நனைத்துக்கொண்டிருந்தது. அவர் அதை நகர்த்தி வைக்கவில்லை.