முன் இடது சக்கரத்தில் ஒருவர்

இங்கே யாராவது இருக்கிறீர்களா என்று அனுசுயா மனதுக்குள் கேட்டாள். காரின் முன் இடது சக்கரம் ‘கீறேன்’ என்றது. வேலப்பன்சாவடியில் கல்லூரிப் பேருந்துகள் திரும்புகிற இடத்தில், வேகத்தடை மேல் ஏறி இறங்கும்போது இது நடந்தது. அந்தக் கேள்வியை அவள் வருடக்கணக்காகக் கேட்டு வந்தாள். நூம்பல் ஃபிளாட்டைப் பூட்டும்போது ஒரு தடவை, அம்பத்தூர் அலுவலகத்தில் லிஃப்டில் தனியாக ஏறும்போது ஒரு தடவை, மறுபடி சாயங்காலம் காரில். வாய்விட்டுக் கேட்டதில்லை, பதிலுக்குக் காத்திருந்ததும் இல்லை. அதனால் பதில் வந்தபோது அது பதில் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. அவள் கரூர்க்காரி. அவள் ஊரில் முள் கீறும், பூனை கீறும். காருக்கு அடியில் எதுவோ எதையோ கீறுகிறது, மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும் என்று எண்ணிக்கொண்டு கியரை மாற்றினாள்.

கார் பழையது. பூந்தமல்லியில் ஒரு புரோக்கர் மூலமாக, தன் சம்பளத்தில், தன் பெயரில் அவள் வாங்கியது. வெள்ளை நிறம் மோர் நிறமாக மாறியிருந்தது. அவள் கணவன் ஜெகதீசனுக்கு அந்தக் கார் பிடிக்கவில்லை என்று சொல்ல முடியாது, சத்தம் பிடிக்காது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தான். சத்தம் வருதுன்னா எங்கியோ தேஞ்சிருக்குன்னு அர்த்தம் என்பது அவன் கட்சி. ஃபிளாட்டுக்குக் குடிவந்த முதல் வாரமே கதவுக் கீல்கள், ஜன்னல் கொக்கிகள், பீரோ, கட்டில் எல்லாவற்றுக்கும் எண்ணெய் விட்டான். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆயுதபூஜைக்கும் விட்டு வந்தான். அவ்வளவு நல்ல வேலை. பத்து வருடத்தில் அந்த வீட்டில் யார் வருகிறார், யார் போகிறார் என்பது கேட்காமல் போயிற்று. ஷிப்ட் முடிந்து அவன் வந்து படுத்திருப்பது தெரியாமல் அவள் பூட்டிக்கொண்டு போன நாட்கள் உண்டு. ஒரு முறை இருவரும் ஒரே ஹாலில் வெகுநேரம் இருந்துவிட்டு, திரும்பியபோது ஒருவரையொருவர் பார்த்துத் திடுக்கிட்டார்கள். சண்டை என்று எதுவும் இல்லை. சண்டைக்கும் கொஞ்சம் சத்தம் வேண்டியிருக்கிறது.

மெக்கானிக் முகமது ஆசிக்கின் ஒர்க்‌ஷாப் திருமுல்லைவாயிலில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. சத்தம் பிடிப்பதில் ஆவடி வரைக்கும் தனக்கு நிகர் இல்லை என்று அவனே சொல்லிக்கொள்வான். வருகிறவர்களிடமெல்லாம் அதற்குச் சான்றும் காட்டுவான். ஒரு டாக்டரின் காரில் இரண்டு வருடமாக ஓடிக்கொண்டிருந்த சத்தத்துக்குக் காரணமான, கதவுக்குள் விழுந்திருந்த கோலிக்குண்டு. அனுசுயா அவனிடம், முன்பக்கம் இடதுபுறம் கீறுகிற மாதிரி ஒரு சத்தம் என்று மட்டும் சொன்னாள். சக்கரம் ஒரு சொல்லைச் சொல்கிறது என்று எப்படிச் சொல்வது? நாற்பத்துநான்கு வயதில், டீம் லீட் பதவியில் இருக்கிறவள் வாயில் அது வராது. ஆசிக் கீறலைத் தேடினான். பிரேக் தட்டில் கல் சிக்கியிருக்கிறதா என்று பார்த்தான், மட்கார்டின் உள்விளிம்பைத் தட்டி நிமிர்த்தினான். பிறகு பால் ஜாயிண்டை மாற்றினான், அடுத்த மாதம் ஷாக் அப்சார்பர், அதற்கடுத்து லிங்க் ராடு. கழற்றியதெல்லாம் ஒரு தகர டப்பாவில் சத்தமில்லாமல் கிடந்தது. அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து அயப்பாக்கம் ஏரிக்கரை வரைக்கும் ஓட்டிப் பார்த்தாள். பானெட் மேல் காதை வைத்துக்கொண்டு அவன் வெளியே நடந்து வர, இவள் உள்ளே மெதுவாக உருட்டினாள். சக்கரம் வாயே திறக்கவில்லை. ஆள் பக்கத்தில் இருக்கும்போது அவள் மனம் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை என்பது அப்போது அவளுக்கே தெரியாது. தனியாக வீடு திரும்பும்போது, முதல் வேகத்தடையிலேயே அது ‘கீறேன்’ என்றது.

இதற்கிடையில் ஃபிளாட்டில் வேறொரு பிரச்சினை கிளம்பிற்று. சங்கச் செயலாளர் பூபாலன் அந்த ஊர்க்காரர். அடுக்குமாடி நிற்கிற இடத்தில் அவர் அப்பா நாற்று நட்டிருக்கிறார். கீழே கார் நிறுத்துமிடத்தில் விளக்கை அணைப்பதற்கு முன், யாராவது இருக்கீங்களா என்று ஒரு குரல் கொடுப்பது அவர் வழக்கம். அனுசுயா கார் வாங்கியதிலிருந்து ஆள் இருப்பதாகப் பதில் வந்தது. ஆள் இருக்கும்போது விளக்கை அணைப்பது மரியாதை இல்லை என்று அவர் அணைக்கவில்லை. மழைக்காலம் முழுவதும் விளக்குகள் எரிந்தன. கரண்ட் பில்லைப் பார்த்து எல்லாரும் கேட்டபோது, அவர் படியேறி வந்து ஜெகதீசனிடம், “சார், உங்க வண்டில யாரோ கீறாரு. இன்னான்னு பாருங்க” என்றார். ஜெகதீசனும் கரூர். டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கிப்போய்ப் பெயிண்டை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தான். ஒரு கீறல்கூட இல்லை. தரப் பரிசோதனைக்காரனுக்கு இல்லாத குறையைப்போல் எரிச்சல் தருவது வேறொன்றும் கிடையாது. சாப்பிடும்போது அவன் நிதானமாகச் சொன்னான்: பொங்கலுக்குள் அந்தச் சத்தம் நின்றால் சரி, இல்லாவிட்டால் காரைக் கொடுத்துவிட்டுச் சத்தமே வராத பேட்டரி கார் ஒன்று எடுத்துவிடலாம். அனுசுயா சரிங்க என்றாள். சொன்ன பிறகுதான் ஒன்று உறைத்தது. அந்தச் சத்தத்துக்காகவே சில நாட்களாக அவள் வேலப்பன்சாவடியைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வருகிறாள்.

மார்கழி தொடங்கியதும் கடைசி முயற்சியாகக் காரை ஆசிக்கிடம் விட்டாள். அவன் அடியில் படுத்திருந்தான், கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. பேச்சுவாக்கில் பூபாலன் சொன்னதை, அவர் சொன்ன சொல் மாறாமல் சொன்னாள். பார்த்தால் ஒரு கீறலும் இல்லை என்றும் சொன்னாள். கால்கள் ஆடாமல் நின்றன. ஆசிக் சறுக்கிக்கொண்டு வெளியே வந்தான்.

“அக்கா, நீங்க எந்த ஊரு?”

“கரூர்ப்பா.”

“அத்தான பார்த்தேன். யாரும் எதையும் கீறலக்கா. வண்டில ஆள் கீறாரு. இருக்காரு. எங்க ஊட்ல எங்கம்மா அப்படித்தான் பேசும்.”

அவள் அப்போதுதான், கன்னம் சூடேற, சக்கரம் சொல்கிற சொல்லை அவனிடம் சொன்னாள். ஆசிக் சிரிக்கவில்லை. டயர் பக்கத்தில் குந்தி, யாருப்பா உள்ள என்று கேட்டான். ‘கீறேன்’ என்று பதில் வந்தது, கொஞ்சம் சளி கட்டின ஆண் குரல், நிதானமாக. நம்ம ஆளுதான் என்று ஆசிக் கையைத் துடைத்துக்கொண்டான். இத்தனை மாதம் தான் சத்தத்தைத் தேடியதே தவிர ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கவில்லை என்று தன்மேலேயே அவனுக்குக் கோபம். அனுசுயாவுக்கோ, அத்தனை வருடம் தன் கேள்விக்கு எங்கும் பதில் இல்லை என்று நினைத்ததும், கிடைத்த ஒரே பதிலை ரிப்பேருக்குக் கொண்டுவந்து விட்டதும் ஒன்றாக உறைத்தது.

சத்தம் எங்கே கூடுகிறதோ அங்கேதான் மூலம் என்பது ஆசிக்கின் தொழில் வழக்கம். இருவரும் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். ஒவ்வொரு சிக்னலிலும் அவள் வாய்விட்டே கேட்டாள். அம்பத்தூர்ப் பக்கம் போனால் குரல் மங்கியது, ஆவடியில் தெளிந்தது, இந்துக் கல்லூரியைத் தாண்டியதும் கணீரென்று ஆயிற்று. பட்டாபிராம் சைடிங் ஸ்டேஷனுக்கு எதிரே, அவள் கேட்பதற்கு முன்பே அது சொன்னது. அந்தி சாய்ந்திருந்தது. ரயிலிலிருந்து இறங்கிய ஒரு பெண், கையில் சாப்பாட்டுக் கூடையோடு, நேராக வந்து பின்கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டாள். அனுசுயாவைப் பார்த்துவிட்டு, “இன்னா, இப்ப பொம்பள டிரைவரா? நல்லதுதான்” என்றாள். அவளே வழிகாட்டி, அந்தக் காரின் பழைய டிரைவர் பச்சையப்பனின் வீட்டு வாசலில் அவர்களைக் கொண்டுபோய் விட்டாள்.

பச்சையப்பனின் மனைவி வடிவு காரைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். அவள் சொன்னது இது. பச்சையப்பன் அந்தக் காரை வாடகைக்கு ஓட்டினான். கம்பெனி வேலை முடிந்து ரயிலில் வருகிற பெண்கள், விளக்கில்லாத தெருக்களுக்குப் போக வேண்டியவர்கள், இருட்டில் இறங்கி, அண்ணாத்தே கீறியா என்று கூப்பிடுவார்கள். முன் இடது சக்கரத்தில் முதுகைச் சாய்த்துக் குந்தியிருக்கிற பச்சையப்பன், கீறேன் என்பான். காய்ச்சலிலும் சொன்னான். தெருவெல்லாம் வெள்ளம் நின்ற வருடம் இடுப்பளவு தண்ணீரில், குந்த முடியாமல் நின்றுகொண்டு சொன்னான். அவன் இருக்கிறான் என்பதால் நைட்டு ஷிப்டுக்கு ஒப்புக்கொண்ட பெண்கள் அந்த வட்டாரத்தில் அநேகம் பேர். ஒரு சாயங்காலம் சாய்ந்தபடியே செத்துப் போனான். அன்றைக்கும் ரயில் வந்தது, பெண்கள் கேட்டார்கள், பதிலும் வந்தது. ஏறி உட்கார்ந்து பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வெகுநேரம் வண்டி நகராததால்தான் இறங்கிப் பார்த்தார்கள்.

“ஊட்ல கூப்ட்டா திரும்பிக்கூட பாக்க மாட்டாரு, அவ்ளோ ஊமை” என்றாள் வடிவு. “செத்த பொறவு நான் கோழிய தேடி கூப்ட்டாகூட இது பதில் சொல்லுது. உசுரோட இருக்க சொல்ல எங்க போச்சு இந்த வாய்? அதான் வித்து தள்ளிவுட்டேன்.” சொல்லிவிட்டு எழுந்து போய்ச் சக்கரத்தின் அருகில் நின்றாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“சாப்ட்டியா?” என்று கேட்டாள்.

‘கீறேன்’ என்றது சக்கரம்.

“எத்த கேட்டாலும் இதான்” என்று வடிவு அனுசுயாவிடம் சொன்னாள். குரலில் குறையும் பெருமையும் பிரிக்க முடியாமல் இருந்தன. அந்த ஒரு சொல் போதாது என்று அவளுக்குத் தெரியும். அது கிடைத்தவர்கள் எத்தனை பேர் என்பதும் தெரியும். திரும்பும் வழியில் அனுசுயா அதையே நினைத்துக்கொண்டு ஓட்டினாள். ஒரு மனிதன் ஆயுள் முழுக்க ஒரே ஒரு வார்த்தையைப் பொய்யில்லாமல் சொல்லியிருக்கிறான். அது இரும்பில் தங்கிவிட்டது. அதில் வியக்க என்ன இருக்கிறது, தங்காமல் போயிருந்தால்தான் வியப்பு என்று அவளுக்குப் பட்டது.

பொங்கலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஜெகதீசன் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தான். இடத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக ஆசிக் சொல்லியிருந்தான். முன் இடது சக்கரத்தைத் தாங்கும் கையின் மூட்டில், இரும்புக்கு நடுவே புஷ் என்கிற ஒரு ரப்பர் வளையம். மாற்றாமல் விட்டது அது ஒன்றுதான். துரு பிடித்துக் கவ்விக்கொண்டிருந்ததால் விட்டது. நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை அதில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்தால் அந்தச் சொல்லும், அதற்குப் பின்னால் ரயில் வந்து நிற்பதும், பெண்கள் பேசிக்கொண்டு இறங்குவதும் கேட்டன. ஜெகதீசனும் வைத்துக் கேட்டான். கேட்டுவிட்டு, தேய்ந்த ரப்பர்தான் என்றான். ஆனால் ஸ்க்ரூடிரைவரைக் காதிலிருந்து எடுக்கக் கொஞ்சம் நேரமாயிற்று. அறுத்துத்தான் எடுக்க வேண்டும், புதுசு போட்டுவிட்டால் சத்தம் சுத்தமாக நின்றுவிடும் என்றான் ஆசிக். கட்டிங் மெஷினைக் கையில் எடுத்தவன், முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டான்.

“அறுத்துடட்டுமாங்கறாரு அனு” என்றான் ஜெகதீசன். “மனசில்லைன்னா வண்டியக் குடுத்துடலாம், பேட்டரி கார் எடுத்துக்கலாம். ரெண்டுல எதுன்னு நீயே சொல்லு.”

அவன் கேட்டதில் கடுமை இல்லை. எண்ணெய் விட்ட கதவைப்போல இருந்தது. அனுசுயா அவன் முகத்தைப் பார்த்தாள். இங்கே யாராவது இருக்கிறீர்களா என்று வழக்கம்போல மனதுக்குள் கேட்டாள், இந்த முறை அவனைப் பார்த்து. ஜெகதீசன் அவள் பதிலுக்காகக் காத்திருந்தான். ஜாக்கி மேல் தூக்கி நிறுத்தியிருந்த காரிலிருந்து, தரையைத் தொடாத சக்கரம் சொல்ல வேண்டியதைச் சொன்னது. மூன்று பேருக்கும் கேட்டது. பந்தியில் இன்னொரு கரண்டி சோறு வைக்க வருகிறவரிடம் இலைமேல் கையைக் குறுக்கே நீட்டிச் சொல்கிற அதே தணிந்த குரலில், அவள் கணவனிடம் சொன்னாள்.

“இருக்கட்டுங்க.”