கண்டக்டருக்கு மட்டும் பஜ்ஜி இல்லை

ஏற்காடு ஏரிக்கரையில் பஜ்ஜிக்கடை போட்டிருக்கும் கனகாவுக்குப் பக்கத்துக் கடை என்னுடையது. நான் செல்வமேரி. சோளக்கருது சுட்டு விற்கிறேன். என் கரிப்புகையும் அவள் எண்ணெய்ப்புகையும் பல வருசமாகச் சம்பந்திகள் மாதிரி. சண்டையும் உண்டு, பிரிந்ததும் இல்லை.

போன வருசம் கோடை சீசனுக்கு முன்னால் எங்கள் கடை வரிசைக்கு எதிரிலேயே பந்தல் கட்டி இலவச மருத்துவ முகாம் நடத்தினார்கள். ஒரு சின்ன வயசு டாக்டரம்மா மைக்கைப் பிடித்துக்கொண்டு, ஜப்பான்காரர்கள் சராசரியாக எண்பத்து நாலு வயசு வரைக்கும் இருக்கிறார்கள், நாம் எழுபதைத் தாண்டவே மூச்சு வாங்குகிறோம் என்று சொன்னாள். அங்கே வயிறு முட்டுவதற்கு முன்னாலேயே எழுந்துவிடுவார்களாம். மீனும் காய்கறியும்தான் நிறையத் தின்பார்களாம். கிழவன் கிழவிகூட நடந்துதான் கடைக்குப் போவார்களாம். நமக்கு எண்ணெயும் உப்பும் சர்க்கரையும்தான் எமன் என்று சொல்லிவிட்டு எங்களை ஒரு பார்வை பார்த்தாள். பஜ்ஜிக்கடை முன்னால் வந்து நின்று இப்படிப் பேசினால் யாருக்குத்தான் கோபம் வராது? பேசி முடித்ததும் அந்தம்மாவே கனகாவிடம் ரெண்டு பஜ்ஜி வாங்கித் தின்றாள் என்பது வேறு கதை.

நான் சிரித்தேன். கனகா சிரிக்கவில்லை. அவள் புருசன் மாதப்பன் நாற்பத்தாறு வயசில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர். அடுப்புக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து நாளெல்லாம் வாழைக்காய் சீவுவார். சீவியது போக மற்ற நேரமெல்லாம் கை பஜ்ஜித் தட்டுக்குத்தான் போகும். அவருக்கு அதுதான் சாப்பாடு. அவர் போன பிறகு அந்த ஸ்டூலில் யாரும் உட்காரக்கூடாது என்று கனகா மாவு டின்னைத் தூக்கி அதன்மேல் வைத்துவிட்டாள். தன் கைப்பக்குவம்தான் அவரைத் தின்றுவிட்டது என்று என்னிடம் ஒரே ஒரு தடவை சொல்லி அழுதிருக்கிறாள்.

அன்றைக்கு முகாமில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தவர்களில் சேலம் பஸ் கண்டக்டர் பாலசுப்பிரமணியமும் ஒருவர். மனைவி தவறிப் பல வருசம் ஆகிறது, மகன் ஓசூரில் வேலை பார்க்கிறான். வீட்டில் அடுப்பு எரிவதில்லை. காலையும் ராத்திரியும் ஹோட்டல் பரோட்டா. நடுவில், பஸ் மலையேறி வந்து நிற்கும்போதெல்லாம் கனகாவின் மிளகாய் பஜ்ஜி. பஜ்ஜிக்காகத்தான் வருவதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார். வியாபாரத்துக்காகத்தான் சிரிப்பதாக இவள் நினைத்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கண் நன்றாகவே தெரியும்.

அவரிடம்தான் கனகா கேட்டாள்.

"ஏனுங்க, சராசரின்னா என்னங்க? எங்க ஊட்டுக்காரர் நாப்பத்தாறுலயே போயிட்டாரு. எழுபதுன்னு கணக்கு வரோணும்னா, அவரு மிச்சம் வெச்ச வருசத்தை வேற யாராச்சும் இருந்துட்டுப் போறாங்களா?"

நானாக இருந்தால் என்னடி கேள்வி இது என்று கேட்டிருப்பேன். பாலசுப்பிரமணியம் டிக்கெட் பையைச் சரிசெய்துகொண்டு நிதானமாக யோசித்தார். பிறகு தனக்குத் தெரிந்த வழியில் சொன்னார்.

"ஒருத்தர் சேலத்துக்கு டிக்கெட் எடுத்துட்டுப் பாதி மலையிலயே எறங்கிருவாருங்க. அதுக்காவ பஸ்ஸு நிக்கறதில்லை. சீட்டு காலியா வரும். நின்னுட்டு வர்றவங்க யாராச்சும் உக்காந்துக்கலாம். தப்பில்லைங்க."

கனகா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எண்ணெய்ப்புகை என்றாள்.

ரெண்டு நாள் கழித்து அவருக்குச் சர்க்கரையும் கொழுப்பும் ஏகத்துக்கு இருப்பதாக முடிவு வந்தது. அதை ஏதோ பரீட்சையில் பாஸானவர் மாதிரி எங்களிடம் சொல்லிவிட்டு நாலு மிளகாய் பஜ்ஜி கேட்டார். தட்டு நிறைய பஜ்ஜி சுடச்சுட இருந்தது. கனகா தலையை நிமிர்த்தாமல் உங்களுக்கு இல்லைங்க என்றாள். விளையாட்டு என்று நினைத்து அவர் மறுபடி கேட்டார். அவள் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் யாரோ பெங்களூர்க்காரர் கேட்க, அவருக்கு எடுத்துக் கொடுத்தாள். பாலசுப்பிரமணியத்தின் முகம் சுண்டிப்போனது. நேரே ரோட்டைத் தாண்டி எதிரில் இருந்த இன்னொரு பஜ்ஜிக்கடைக்குப் போய்விட்டார். அடுத்த நாளும் அங்கேதான் போனார்.

கனகா மறுநாளிலிருந்து ஒரு டப்பா கொண்டுவர ஆரம்பித்தாள். மஞ்சக்குட்டையில் இருக்கும் தன் வீட்டில் விடியுமுன் எழுந்து சமைத்து, ஷேர் ஜீப்பில் மடியில் வைத்துக் கொண்டுவருவாள். சாமைச் சோறு, கீரைக் கடைசல், அவரைக்காய் பொரியல். பஸ் வந்து நிற்கும்போது டப்பாவை எடுத்து மேலே வைப்பாள். அவர் எதிர்க்கடைக்குப் போனதும் கீழே வைத்துவிடுவாள். அவரைக் கூப்பிடேண்டி என்று நான் சொன்னால், எந்த உரிமையில் கூப்பிடுவது என்றாள்.

"இன்னொருத்தரையும் என் கையால அனுப்பிவெக்க என்னால முடியாதுங்க்கா."

சோற்றை வீணாக்கலாமா? நான்தான் தின்றேன். கண்டக்டருக்கு ஆக்கிய பத்தியச் சோற்றில் எனக்கு ரவிக்கை தொளதொளவென்று ஆனது. என் சர்க்கரைகூட இறங்கிவிட்டது. அங்கே அவர் போட்டிக்கு உட்கார்ந்து பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார். கழுத்து வியர்த்திருந்தது, கன்னம் உப்பியிருந்தது. அதைப் பார்த்துவிட்டு கனகா ஒரு ஈடு பஜ்ஜியைக் கருகவிட்டாள்.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பொறுமை போய்விட்டது. ஏரிக்கரையில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். நான் விசிறியைக் கீழே போட்டுவிட்டு எதிர்க்கடையைப் பார்த்துக் கத்தினேன்.

"ஏனுங்க கண்டக்டரே, உங்களுக்குன்னு ஆக்கிட்டு வர்ற சோத்தை எத்தனை நாளைக்குத்தான் நானே திங்கறது?"

பாதிக் கூட்டம் திரும்பிப் பார்த்தது. கனகா என்னைக் கொன்றுவிடுகிற மாதிரி பார்த்தாள். பாலசுப்பிரமணியம் கையிலிருந்த பஜ்ஜியை வைத்துவிட்டு ரோட்டைத் தாண்டி வந்தார். டப்பாவைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"ஊருக்கெல்லாம் போடறீங்க. எனக்கு மட்டும் ஏனுங்க இல்லை?"

கனகா ஜல்லிக்கரண்டியை வைத்தாள்.

"இவங்கெல்லாம் பொழுது சாஞ்சா ஊருக்கு எறங்கிருவாங்க. நீங்க நாளைக்கும் வரோணுமில்லைங்க."

அவர் டப்பாவைக் கொடுங்கள் என்று கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. திரும்பிப் போய், மாதப்பனுடைய ஸ்டூலின்மேல் இருந்த மாவு டின்னை இரண்டு கையாலும் தூக்கித் தரையில் வைத்தாள். ஸ்டூலை முந்தானையால் துடைத்தாள். அப்புறம்தான் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நின்னுட்டே சாப்பிடாதீங்க. சீட்டு காலியாத்தான் வருது. உக்காந்துக்கோங்க."

பாலசுப்பிரமணியம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார். டிரைவர் ஹாரன் அடித்தார், மறுபடியும் அடித்தார். அவர் எழுந்திருக்கவில்லை. சாமைச் சோற்றை மெதுவாக மென்று தின்றார். கனகா பக்கத்தில் நின்று கீரையை அள்ளி அள்ளி வைத்தாள்.

அன்று மதியம் எனக்குத்தான் சோறு இல்லை. ஒரு கருதைச் சுட்டுத் தின்றுகொண்டேன்.