கத்தாத கருவி

இடிக்கிற வீடுகளில் கழற்றிய உத்திரங்களையும் கதவு நிலைகளையும் வாங்கி, பலகையாக அறுத்து விற்பது அவருடைய தொழில். எல்லோரும் அவரை மில்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். மில் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை, நடுவில் ஒரு பட்டை ரம்பம், பின்பக்கம் தார்ப்பாய் போட்டு மூடிய மர அடுக்கு, ஒத்தாசைக்கு ஒரே ஒரு ஆள். பேச்சிலேயே எதிராளியை இழைத்துத் தள்ளிவிடுவான் என்பதால் அவனுக்குச் சீவுளி என்று பெயர் விழுந்திருந்தது.

பழைய மரத்தில் ஒரு தொல்லை உண்டு. எப்போதோ யாரோ படம் மாட்ட அடித்த ஆணி, தலை துருவேறி உதிர்ந்து, மேலே பெயின்ட் பூசப்பட்டு, உள்ளேயே கிடக்கும். கண்ணுக்குத் தெரியாது. ஓடுகிற ரம்பம் அதன் மேல் பட்டால் பிளேடு அறுந்துவிடும். அந்த மழைக்காலத்தில் அடுத்தடுத்துப் பிளேடுகள் போயின. கடைசியாக அறுந்தது சீவுளியின் சட்டைக் கையைக் கிழித்துக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது. அவன் அன்று முழுக்க வாயே திறக்கவில்லை என்றால் எவ்வளவு பயந்திருப்பான் என்று பார்த்துக்கொள்ளலாம்.

மறுநாளே மில்காரர் ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கி வந்தார். கைப்பிடி வைத்த சின்னத் துடுப்பு மாதிரி இருந்தது. பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு மரத்தின் மேல் ஓட்ட வேண்டும், இரும்பு இருந்தால் கத்தும். கடைக்காரர் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான்.

அது கத்தவில்லை. முன்னால் சீவுளி ரம்பத்தை ஓட்டிக்கொண்டிருக்க, இவர் பின்பக்கம் தனியாக உட்கார்ந்து ஒரு உத்திரத்தைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தார். ஒரு சத்தமும் இல்லை. "சுத்தமா இருக்கு, ஏத்து" என்றார். ஏற்றினார்கள். பாதி தூரம் போவதற்குள் பிளேடின் பல் போயிற்று.

"நல்லா தலையில கட்டிட்டான்" என்று இரவு சாப்பாட்டின்போது முணுமுணுத்தார்.

"அப்படின்னா திருப்பிக் குடுத்துடுங்களேன்" என்றாள் மனைவி. அவள் வீட்டிலேயே ரவிக்கை தைப்பவள். கையில் எடுத்த ஊக்குகளை டப்பாவில் போட்டபடியே சொன்னாள்.

அவர் பதில் சொல்லவில்லை. தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவளும் திரும்பக் கேட்கவில்லை. சில வருடங்களாகவே அவர் இப்படித்தான். அவள் சொல்வது எதையும் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஆரம்பத்தில் சண்டை போட்டாள், அழுதாள். பிறகு, மனுஷனுக்கு வயசாக ஆக வாய் சுருங்கிவிட்டது என்று தையல் மெஷினோடு பேசிப் பழகிக்கொண்டாள்.

அடுத்த நாள் அவர் சாப்பாட்டு கேரியரை மறந்து போய்விட்டார். மத்தியானம் அதை எடுத்துக்கொண்டு அவளே மில்லுக்குப் போனாள். மோட்டாரை நிறுத்தியிருந்தார்கள். சீவுளி சாப்பிடப் போயிருந்தான். வாசல் கேட்டைத் திறக்கும்போதே உள்ளேயிருந்து கீச் கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. எலிக்குஞ்சுகள் எங்கோ மாட்டிக்கொண்டன போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே பின்பக்கம் போனாள்.

மில்காரர் முதுகைக் காட்டியபடி ஒரு உத்திரத்தின் மேல் குனிந்திருந்தார். கையில் அந்தக் கருவி. ஒரு இடத்துக்கு வந்ததும் அது வீறிட்டது. அவர் நிற்கவில்லை. கொஞ்சம் தள்ளி மறுபடி வீறிட்டது. அதையும் தாண்டிப் போனார். முனைவரை போய்விட்டு, கருவியை உள்ளங்கையில் ரெண்டு தட்டு தட்டி, காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தார்.

ஏன் இவர் குறி போடாமல் போகிறார் என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு நின்ற இடத்திலிருந்தே கூப்பிட்டுப் பார்த்தாள்.

"என்னங்க."

வீட்டில் எப்போதும் கூப்பிடுகிற அதே குரல். அவர் திரும்பவில்லை. இன்னொரு தரம் கூப்பிட்டாள். அப்படியே இரண்டடி முன்னால் வந்தாள். அவள் நிழல் மரத்தின் மேல் விழுந்ததும் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"எப்ப வந்தே? ஒரு குரல் குடுக்கக் கூடாதா?"

அவள் கேரியரைக் கீழே வைத்தாள். சட்டென்று சொல்லிவிட மனசு வரவில்லை. "அதைக் குடுங்க, நான் பார்க்கிறேன்" என்று கை நீட்டினாள்.

"செத்த மெஷின். என்னத்தப் பாப்பே?"

பொத்தானை அழுத்தியதும் அது நிற்காமல் அலறியது. எங்கே நகர்த்தினாலும் அலறியது. வளையல்களைக் கழற்றிக் கேரியர் மூடியில் போட்டாள். அப்புறமும் விட்டு விட்டுக் கத்தியது. பக்கத்தில் கிடந்த கடப்பாரையைக் காலால் தள்ளிவிட்டாள், அடங்கியது. தரையிலிருந்து ஒரு ஆணியைப் பொறுக்கி, வெறும் பலகையில் வைத்து, முதலில் அதன் மேல் ஓட்டிப் பார்த்தாள். வேகமாக ஓட்டினால் கோட்டை விட்டது. துணியில் இஸ்திரி போடுகிற நிதானத்தில் ஓட்டினால் பிடித்தது. அதன்பிறகு உத்திரத்துக்கு வந்தாள். நீளவாக்கில் ஓட்டி, சத்தம் வந்த இடத்தில் இடுப்பில் செருகியிருந்த தையல் சாக்கட்டியால் ஒரு கோடு. குறுக்குவாக்கில் ஓட்டி இன்னொரு கோடு. இரண்டும் வெட்டிக்கொள்கிற இடத்தைத் தொட்டுக் காட்டினாள்.

அவர் நம்பாமல்தான் உளியை எடுத்தார். ஒரு விரல் ஆழத்தில் கறுப்பாக ஆணி தெரிந்தது. பிடுங்கிப் போட்டார். அவள் அடுத்த இடத்தைக் காட்டினாள். அங்கேயும் ஒன்று.

"ஏய், உனக்கு எப்படித் தெரியுது?"

"கத்துதுங்க."

"எது?"

அவள் முகத்தை அவருக்கு நேராகத் திருப்பி, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "இந்த மெஷின். கேட்டுக்கு வெளிய வரைக்கும் கேக்குது. இப்பவும் கத்திக்கிட்டுதான் இருக்கு."

அவர் அவள் கையிலிருந்த கருவியைப் பார்த்தார். காதை அதன் பக்கத்தில் கொண்டுபோனார். அவள் கருவியை, அவர் பிடுங்கிப்போட்ட ஆணியின் மேல் கொண்டுபோவதும் எடுப்பதுமாக இருந்தாள். கத்தும்போதெல்லாம் தலையாட்டினாள். அவர் உத்திரத்தின் மேல் உட்கார்ந்தார்.

"எத்தன நாளா இப்படி?"

"எனக்கென்னங்க தெரியும்? நீங்க பதில் சொல்லாதப்பல்லாம் எம்மேல கோவம்னு நெனச்சேன்."

"கோவமா? உம்மேலயா?" அவர் நிமிர்ந்தார். "நீதான் எங்கிட்ட பேசறதையே விட்டுட்டேன்னு நான் நெனச்சிட்டிருந்தேன். நாமளும் சும்மா தொந்தரவு பண்ண வேணாம்னு இருந்துட்டேன்."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. கேரியரைத் திறந்து பரிமாறினாள். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

மில்லில் இத்தனை நாள் இது யாருக்கும் தெரியாமல் போனதில் ஆச்சரியம் இல்லை. ரம்பம் ஓடும்போது அங்கே எல்லோருமே கை ஜாடையில்தான் பேசிக்கொள்வார்கள்.

டாக்டரிடம் போகலாம் என்றதற்கு அவர் பிடி கொடுக்கவில்லை. "அழுக்கு அடைச்சிருக்கும்" என்றார், "இந்த லோடு முடியட்டும்" என்றார். அவள் வற்புறுத்தவில்லை. தினமும் காலையில் மில்லுக்கு வந்து மரம் பார்க்க ஆரம்பித்தாள், ரவிக்கைகளை மத்தியானத்துக்குத் தள்ளிவைத்தாள். வர வர அவளுக்குக் கை படிந்தது. குண்டூசி அளவு இரும்புக்கு ஒரு சிணுங்கல், போல்ட்டுக்கு ஒரு கூச்சல் என்று பிரித்துச் சொன்னாள். ஆணியைப் பிடுங்கிய பிறகும் துருக்கறை ஊறிய மரம் லேசாக முனகும் என்பதை, இல்லாத ஆணிக்காக ஒரு நல்ல பலகையைக் குடைந்து வீணாக்கிய பிறகுதான் தெரிந்துகொண்டாள்.

"அக்கா, பலகையில சல்லடை செஞ்சா நல்ல விலைக்குப் போகும்" என்றான் சீவுளி.

லோடு முடிந்தது. சாக்கும் தீர்ந்தது. அவர் சட்டையை மாற்றிக்கொண்டு அவளோடு கிளம்பினார். கண்ணாடி வைத்த சின்ன அறையில் உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். அவள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் கை ஒழுங்காக உயர்ந்தது. பிறகு வெகுநேரம் அவர் பரீட்சை எழுதுகிற பையனைப் போல முகத்தைச் சுருக்கிக்கொண்டு சும்மா இருந்தார்.

"ரம்பச் சத்தம்தான் காரணம்" என்றார் டாக்டரம்மா, அவருக்கு உதடு தெரியும்படி நிதானமாக. "கனமான சத்தம் கேக்கும். கீச்சுக் குரல், பொம்பளைங்க குரல், குழந்தைங்க குரல் இதெல்லாம் மங்கிடும். போனது திரும்பி வராது. மெஷின் வச்சுக்கிட்டா சமாளிக்கலாம்."

"அப்ப சீவுளி பேசுறது மட்டும் தெளிவா கேக்கணும்னு என் தலையெழுத்து" என்றார் மில்காரர். டாக்டரம்மாவுக்கு விளங்கவில்லை. அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

காதுக்குப் பின்னால் மாட்டுகிற அந்தக் கருவி வந்த அன்று, வெளியூரில் கட்டிக்கொடுத்திருந்த மகளுக்கு அவரே போன் போட்டார். மகளோடு எப்போதும் பேசுவது மனைவிதான்.

"அப்பா? அம்மாவுக்கு என்ன ஆச்சு?" என்றாள் மகள் பதறிப்போய்.

"அம்மா நல்லாத்தான் இருக்கா. நீ பேசு, நான் கேக்கணும்."

அவள் பேசினாள். வீட்டுக்காரர், பக்கத்து வீட்டு நாய், வேலை செய்யாத கிரைண்டர் என்று எது எதையோ பேசினாள். அவர் நடுநடுவே "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

மில்லுக்கு இப்போது மூன்று காது மூடிகள் வாங்கிப் போட்டிருக்கிறார்கள். அவள் மரம் பார்த்துக் குறி போட்டுக் கொடுக்கிறாள், அவர் ஆணி பிடுங்குகிறார். அதெல்லாம் முடிந்த பிறகுதான் மூடிகளை மாட்டிக்கொண்டு ரம்பத்தை ஓட்டுவது என்று பேசி வைத்திருக்கிறார்கள். சீவுளிக்கு மட்டும்தான் இதில் மனக்குறை. பேசினால் கேட்க ஆளில்லாமல் காலை முழுக்கத் தவிக்கிறான். மோட்டார் நின்று மூன்று பேரும் மூடியைக் கழற்றுகிற மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், அதுவரை சேர்த்துவைத்ததை எல்லாம் ஒரே மூச்சில் கொட்டித் தீர்க்கிறான்.